சர்பத் பாட்டிலில் காரத்தண்ணி

போன வாரம் எங்கள் வீட்டுச் சமையலறைத் தொட்டியில் தண்ணீர் இறங்கவில்லை. இரண்டு வருடத்துக்கு முன் எனக்கு நெஞ்சில் வந்த அடைப்பு இப்போது வீட்டுக்குக் குழாயில் வந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்காலில் இந்த வீட்டைக் கட்டிக் குடிவந்ததிலிருந்து நானும் வீடும் சேர்ந்தே பழசாகிக்கொண்டு வருகிறோம். மருமகள் தெருமுனைக் கடைக்குப் போய் ஒரு சின்னப் பாக்கெட் வாங்கிவந்தாள்.

“இத கொட்டி அர மணி நேரம் உட்டா போதும் மாமா. குழாய்க்காரர கூப்புட வேணாம். எல்லாத்தையும் கரைச்சிடும்.”

எல்லாவற்றையும் கரைத்துவிடும் என்பது எனக்கும் தெரியும். உள்ளே ஜவ்வரிசிபோல வெள்ளை மணிகள். அவள் கொட்டித் தண்ணீர் ஊற்றியதும் தொட்டியின் துளையிலிருந்து ஆவி கிளம்பியது. காஸ்டிக் சோடாவுக்கு வாசனை கிடையாது என்று ரசாயனப் புத்தகங்கள் சொல்லும். புத்தகம் எழுதியவர்கள் அதில் தண்ணீர் ஊற்றிக் குனிந்து பார்த்திருக்க மாட்டார்கள். அதற்கு ஒரு வாசனை உண்டு. சுண்ணாம்புக் காளவாயில் மழை விழுந்த மாதிரி, மூக்கின் உள்தோலைச் சுரண்டிக்கொண்டு ஏறும். நாற்பது வருடத்துக்கு மேல் ஆகியும் என் மூக்கு அதை மறக்கவில்லை.

காலிப் பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தேன். முதுகுப்பக்கம் எறும்பு எழுத்தில் நாலைந்து வரிகள். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, பாக்கெட்டை மூக்குக்குக் கிட்டே வைத்துப் படித்தேன். குழந்தைகள் கைக்கு எட்டாமல் வைக்கவும். கையுறை அணியவும். அடுத்த வரி: விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். அந்த வரியை இன்னொரு தடவை படித்தேன். பிறகு இன்னொரு தடவை.

“இன்னா மாமா, லெட்டர் மாதிரி படிக்கிறீங்க?” என்றாள் மருமகள்.

ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு வாசலில் வந்து உட்கார்ந்தேன். ஒன்றுமில்லை என்பதை இந்த விஷயத்தில் நான் பல பேரிடம் சொல்லியாயிற்று. உங்களிடம் மட்டும் கொஞ்சம் விவரமாகச் சொல்லிப் பார்க்கிறேன்.

எழுபதுகளின் நடுவில் நான் ரசாயனத்தில் பி.எஸ்ஸி. முடித்துவிட்டு ஊரில் சும்மா இருந்தேன். சும்மா என்றால், வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்த அட்டையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு மாடவீதியைச் சுற்றி வருவது. சாமி வருடத்துக்குச் சில நாள்தான் வீதியைச் சுற்றினார். நான் தினமும் சுற்றினேன். அப்போது அவலூர்பேட்டை சாலையில், ஊர் முடிந்து வேர்க்கடலை நிலங்கள், எங்கள் பேச்சில் கொல்லிகள், தொடங்குகிற இடத்தில், ஒருவர் சலவை சோப்புக் கம்பெனி வைத்திருந்தார். கம்பெனி என்றால் ஒரு நீளமான தகரக் கொட்டகை, இரண்டு சிமெண்ட் தொட்டி, எட்டுப் பத்துப் பெண்கள். லைசென்ஸுக்காகப் படித்தவன் ஒருவன் பெயர் வேண்டும் என்று யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். என்னை வைத்துக்கொண்டார். பதவி, கெமிஸ்ட்.

எங்கள் தெருவில் கெமிஸ்ட் என்றால் மருந்துக்கடைக்காரர். நான் வேலைக்குச் சேர்ந்த வாரமே எதிர்வீட்டு அத்தை வந்து, இடுப்பு வலிக்கு ஏதாவது எடுத்து வரக்கூடாதா என்று கேட்டார்கள். நான் சோப்புதான் எடுத்துவந்து கொடுத்தேன்.

வேலையைக் கற்றுக்கொண்டது சரோஜா அக்காவிடம். அவருக்கு அப்போது இருபத்தேழு, இருபத்தெட்டு வயது இருக்கும். கம்பெனி தொடங்கிய நாளிலிருந்து இருந்தவர். இரும்பு டிரம்மில் செதில் செதிலாக வரும் காஸ்டிக் சோடாவைத் தொட்டியில் கொட்டி, தண்ணீர் விட்டு, நீளமான மரத்துடுப்பால் கிண்டுவது அவர் வேலை. அடுப்பே இல்லாமல் தொட்டி தளதளவென்று கொதிக்கும். முந்தானையால் மூக்கைச் சுற்றிக் கட்டிக்கொண்டு, முகத்தை ஒருபக்கம் திருப்பிக்கொண்டு கிண்டுவார். மறுநாள் ஆறித் தெளிந்து கிணற்றுத் தண்ணீர்போல நிற்கும். அதைத்தான் எண்ணெயில் கலக்க வேண்டும். நாங்கள் அதைக் காரத்தண்ணி என்போம்.

காரம் என்ற சொல் என்னைக் குழப்பாத நாளில்லை. எட்டாம் வகுப்பில் வாத்தியார் “அமிலம், காரம்” என்று கரும்பலகையில் எழுதியபோது நான் மிளகாயைத்தான் நினைத்தேன். மிளகாய் நாக்கை எரித்துவிட்டு ஒரு செம்பு மோரில் அடங்கிவிடும். இந்தக் காரம் எரிப்பதுகூடத் தெரியாது. விரலில் பட்டால் முதலில் வழவழவென்று இருக்கும். அந்த வழவழப்பு நம் தோலே சோப்பாக மாறுவதால் வருவது என்று கல்லூரியில் படித்திருந்தேன். சரோஜா அக்காவுக்கு அதைப் பெருமையாக விளக்கிச் சொன்னேன். அவர் தன் விரல்களைத் திருப்பிக் காட்டினார். நுனியெல்லாம் மொழுக்கென்று இருந்தன. ரேஷன் கார்டுக்குக் கைநாட்டு வைக்கப் போனபோது ரேகையே விழவில்லையாம், வெறும் மை அப்பியதாம். “நாலு தபா வெச்சேன் சார். அந்த ஆளு, இன்னாம்மா உனுக்கு ரேகையே இல்லங்கிறாரு” என்று சிரித்தார். கொட்டகைச் சுவரில் ஒரு ஜோடி ரப்பர் கையுறை ஆணியில் தொங்கியது. யாராவது பார்வையிட வந்தால் மாட்டிக்கொள்வதற்கு. வெயிலில் காய்ந்து விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருந்தன.

என்னிடம் ஒரு சொட்டு மருந்து இருந்தது. சோப்பில் காரம் மிஞ்சியிருந்தால் ஒரு சொட்டில் ரோஜா நிறம் காட்டும். நான் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து நோட்டில் எழுதுவேன். சரோஜா அக்கா சோப்புத் துண்டை நாக்கு நுனியில் வைத்துவிட்டு உடனே துப்புவார். “இன்னும் ஜாஸ்தியா கீது சார்.” என் சொட்டும் அதையேதான் சொல்லும். அவர் சொல்லி முடித்து அடுத்த வேலைக்குப் போன பிறகு சொல்லும்.

அவர் வீட்டுக்காரர் ஏழுமலை, தனியார் பஸ்ஸில் கண்டக்டர். அந்தக் காலத்தில் பஸ் ஸ்டாண்டுக்குப் போனவர்கள் யாரும் அவர் குரலைத் தவறவிட்டிருக்க முடியாது. “சோமாசிபாடி, கீழ்பென்னாத்தூர், செஞ்சி, திண்டிவனம்!” என்று ஒரு இழுப்பு இழுத்தால் தேரடியில் பூ வாங்கிக்கொண்டிருப்பவர்கள் நடையை எட்டிப் போடுவார்கள். செஞ்சியில் ஒரு சின்ன வளைவு வைத்து இழுப்பார். வேறு பஸ் ஏறப் போனவர்கள்கூட அந்த வளைவுக்காகவே ஒரு நிமிஷம் நிற்பார்கள்.

வார விடுமுறையில் மனைவிக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு கம்பெனிக்கு வருவார். வாசலில் சைக்கிளை நிறுத்தும்போதே குரல் உள்ளே வந்துவிடும்.

“கெமிஸ்ட் சார்! எங்க வீட்டம்மா கைய இப்படி ஆக்கி வெச்சிருக்கீங்களே. கையப் புடிச்சா மீனாட்டம் நழுவுது சார்!”

“சும்மா இருய்யா” என்பார் சரோஜா அக்கா தலையைக் குனிந்துகொண்டு. மற்றப் பெண்கள் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன், எனக்கு அப்போது கல்யாணமாகவில்லை என்பதால் கொஞ்சம் கூடுதலாகவே.

இப்போது பாட்டிலுக்கு வருகிறேன்.

தொட்டியின் அடியில் கொஞ்சம் காரத்தண்ணி எப்போதும் மிஞ்சும். கழுவி வாய்க்காலில் விடுவது வழக்கம். சாக்கடை அடைப்புக்கும், குளிக்கிற இடத்துப் பாசிக்கும் அதைப்போல ஒன்று கிடையாது. வீட்டுக்குக் கொஞ்சம் எடுத்துப் போகலாமா என்று பெண்கள் கேட்டார்கள். முதலாளியைக் கேட்டால் வேண்டாம் என்றிருப்பார். நான் எடுத்துக்கொள்ளச் சொன்னேன். வீணாகப் போவதைத்தானே கொடுக்கிறோம் என்ற தாராள மனசு எனக்கு. நானே புனல் வைத்து ஊற்றிக் கொடுப்பேன். அவரவர் கொண்டுவரும் பாட்டிலில். மண்ணெண்ணெய் பாட்டில், தைலப் பாட்டில், சரோஜா அக்கா கொண்டுவந்தது ஒரு நன்னாரி சர்பத் பாட்டில். லேபிள்கூட முழுசாக இருந்தது. அந்த லேபிளைக் கிழித்துவிட்டு ஒரு காகிதத்தில் ‘விஷம்’ என்று எழுதி ஒட்ட எனக்கு ஒரு நிமிஷம் ஆகியிருக்கும். என் சட்டைப்பையில் எப்போதும் பேனா இருந்தது.

கத்திரி வெயில் நாள். பகல் இரண்டு மணி இருக்கும். சரோஜா அக்கா குடியிருந்தது மத்தலாங்குளத் தெருவுக்குப் பின்னால் ஒரு சந்தில், ஒரே சுவரைப் பகிர்ந்துகொண்ட ஏழு வீடுகளின் வரிசையில். அங்கிருந்து ஒருவர் சைக்கிளில் மூச்சிரைக்க வந்தார். “சரோஜா, உங்க வூட்டுக்காரரு எதையோ குடிச்சிட்டாரு. பக்கத்து வூட்டு தனம்தான் என்ன அனுப்பிச்சது. சீக்கிரம் வா” என்றார்.

நடந்தது இதுதான். முந்தின நாள் கொண்டுபோன பாட்டிலைச் சரோஜா அக்கா, காலையில் முதல் வேலையாகச் சாக்கடையில் ஊற்றலாம் என்று பானை மேடைக்குக் கீழே வைத்திருக்கிறார். காலையில் நேரமாகிவிட்டது. வந்துவிட்டார். ஏழுமலை மதிய டிரிப் முடித்து, ஊர்ப் பேரெல்லாம் கத்திய தொண்டையோடு வீட்டுக்கு வந்திருக்கிறார். பானை மேடையடியில் பாட்டிலில் தெளிந்த தண்ணீர். நம் ஊரில் பாட்டிலை வாயில் வைத்துக் குடிக்கிற பழக்கம் கிடையாது. அண்ணாந்து, நேராகத் தொண்டைக்குள் ஊற்றிக்கொண்டிருக்கிறார்.

நான் சைக்கிளில் தாவி ஏறி மிதித்தேன். அக்காவைப் பின்னால் ஏற்றிக்கொள்ளக்கூடத் தோன்றவில்லை. அவர் ரோட்டில் ஓடிவந்தார்.

வீட்டுக்குள் ஏழுமலை சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கை தொண்டையில். உதடுகள் வெளுத்து வீங்கி, வாயிலிருந்து எச்சில் நூலாக வடிந்துகொண்டிருந்தது. கண் மட்டும் என்னைப் பார்த்தது. நான் வந்துவிட்டதில் அந்தக் கண்ணில் ஒரு நிம்மதி தெரிந்தது. அதை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. படித்தவன் வந்துவிட்டான் என்கிற நிம்மதி.

பக்கத்து வீட்டுத் தனம் அவர் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தார். ஐம்பது வயதை நெருங்கிய, பேச்சுக் கம்மியான அம்மாள். கணவன் கிடையாது. ஆஸ்பத்திரி வாசலில் இட்லி விற்பார். இந்த இரண்டு வீட்டுக்கும் நடுவில் சுவர் இருந்ததே தவிர, பானையும் முறமும் குழம்பும் அந்தச் சுவரை மதித்ததில்லை.

“வாய கழுவி உட்டேன் சார். தெருவுல குதிர வண்டி நிக்கச் சொல்லிக்கிறேன். ஆஸ்பத்திரிக்கு இட்டுனு போயிடலாம், வாங்க” என்றார் தனம்.

“இருங்க” என்றேன் நான். “எலுமிச்சம்பழம் இருக்கா?”

“எதுக்கு சார்?”

“இவர் குடிச்சது காரம். அமிலம் குடுத்தா முறிஞ்சிடும். வெறும் உப்பும் தண்ணியும் ஆயிடும்.”

கல்லூரியில் முதல் வருடப் பாடம் அது. அமிலமும் காரமும் சேர்ந்தால் உப்பும் தண்ணீரும். கண்ணாடிக் குடுவையில் நூறு தடவை செய்து பார்த்திருக்கிறேன். ஒரு தடவைகூடத் தப்பியதில்லை.

தனம் என் முகத்தைப் பார்த்தார். தயங்கினார். “வண்டி நிக்குது சார்” என்று இன்னொரு தரம் சொன்னார். நான் கொஞ்சம் கோபமாகவே, “நான் சொல்றதச் செய்யுங்க” என்றேன். அவர் தன் வீட்டுக்கு ஓடி நாலு பழம் எடுத்துவந்து பிழிந்தார். நான் ஏழுமலையின் தலையைப் பிடித்து வாயில் ஊற்றினேன். இறங்கவில்லை. உடம்பு துள்ளியது. உள்ளே இருப்பதை வெளியே எடுத்துவிட்டால் நல்லது என்று அடுத்ததாகத் தோன்றியது. உப்பைக் கரைத்து வரச்சொல்லி அதையும் புகட்டினேன்.

அவர் வாந்தி எடுத்தபோது ஒரு சத்தம் வந்தது. அந்தக் குரலிலிருந்து முழுசாக வந்த சத்தம் அதுதான் கடைசி. தரையில் ரத்தமும் நுரையுமாகக் கிடந்தது. சரோஜா அக்கா அப்போதுதான் தெருமுனையில் திரும்பி ஓடிவந்துகொண்டிருந்தார். அவர் நிலைப்படியில் கால் வைத்தபோது, நான் அவர் கணவரின் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். பிழிந்த எலுமிச்சை மூடிகளும் உப்புக் கிண்ணமும் தனத்தின் கையில் இருந்தன.

ஆஸ்பத்திரியில் ஒரு நடுத்தர வயது டாக்டர். வாயைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு என்னை மட்டும் வெளியே கூப்பிட்டார்.

“வாந்தி எடுக்க வெச்சது யாரு?”

நான் விரலில் ஒட்டியிருந்த எலுமிச்சைச் சாற்றைச் சட்டையில் துடைத்துக்கொண்டேன்.

“உள்ள போறப்ப ஒரு தடவ வெந்துச்சு. வெளிய வரவெச்சு ரெண்டாவது தடவ வேகவெச்சிருக்கீங்க. எலுமிச்சம்பழம் வேற. வெந்த புண்ணுல ஊத்துறதா அத? வாயக் கொப்பளிக்க வெச்சு, அந்த பாட்டில கையில எடுத்துக்கினு நேரா வந்திருக்கணும். நீங்க யாரு?”

“சோப்புக் கம்பெனி கெமிஸ்ட் சார்.”

“படிச்சவரா? நீங்களாவது தடுத்திருக்கக் கூடாதா?”

இந்த இடத்தில்தான் நான் அதைச் சொன்னேன். யோசித்துச் சொல்லவில்லை. வாய் தானாகச் சொன்னது. ஆனால் என் வாய்தான்.

“நான் போறதுக்குள்ள பக்கத்து வீட்டுல குடுத்துட்டாங்க சார்.”

டாக்டர் தலையில் அடித்துக்கொண்டார். பிறகு உள்ளே போய்ச் சரோஜா அக்காவிடம், அக்கம்பக்கத்தார் பேச்சைக் கேட்டு இனிமேல் எதையும் புகட்டாதீர்கள் என்று கண்டிப்பாகச் சொன்னார். தனம் வராந்தாவில் நின்றுகொண்டிருந்தார். புடவையெல்லாம் ரத்தக் கறை. சரோஜா அக்கா திரும்பி அவரைப் பார்த்த பார்வையை நான் பார்த்தேன். அப்போதும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

ஏழுமலை பிழைத்துக்கொண்டார் என்றுதான் ஊரில் சொன்னார்கள். நானும் சில வாரம் அப்படி நம்பினேன். புண் ஆறத் தொடங்கியதும்தான் கஷ்டம் தொடங்கியது. ஆறுகிற புண் சுருங்கும். சோறு இறங்கவில்லை. பிறகு கஞ்சி இறங்கவில்லை. மாதம் ஒருமுறை வேலூருக்கு அழைத்துப்போய்க் குழாய் விட்டு உணவுப் பாதையை அகலப்படுத்திக்கொண்டு வருவார்கள். பத்து நாள் கஞ்சியும் மோரும் போகும். மறுபடி சுருங்கும். குரல் போய்விட்டது. காற்றுபோல ஒரு கரகரப்பு மட்டும் மிஞ்சியது. பஸ் முதலாளி இரக்கப்பட்டு அவரை நேரம் குறிக்கிற வேலையில் பஸ் ஸ்டாண்டிலேயே உட்கார வைத்தார். வேறு யாரோ ஒருவர் சோமாசிபாடி, கீழ்பென்னாத்தூர் என்று கூவ, இவர் வாயில் துண்டை வைத்துக்கொண்டு தாளில் நேரம் எழுதுவார். ஒரு வருஷம் அப்படி ஓடியது. பிறகு உட்காரவும் தெம்பில்லை.

நான் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பார்க்கப் போவேன். ஒருநாள் போனபோது, “சார் வந்துகிறாரு, காபி போடு” என்று மூச்சுக்காற்றில் சொன்னார். வேண்டாம் என்றேன். விடவில்லை. காபி வந்தது. நான் குடித்தேன். அவர் என் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு மடக்கும் இறங்குவதை அவர் பார்க்கிறார் என்று தெரிந்தது. பொறாமையில்லை, கோபமில்லை. மறந்துபோன ஊருக்குப் போகிற பஸ்ஸைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். பாதிக்கு மேல் என்னால் விழுங்க முடியவில்லை.

இங்கே கம்பெனியில் முதலாளி, விஷயம் தெரிந்ததும், ஒரு சொட்டுக் காரத்தண்ணிகூட வெளியே போகக் கூடாது என்று சட்டம் போட்டார். நல்ல சட்டம்தான். ஆனால் பாட்டில்களில் போய்க்கொண்டிருந்ததும் சேர்ந்து வாய்க்காலில் போயிற்று. வாய்க்கால் கொட்டகைக்குப் பின்னால் ஒரு குட்டைக்குப் போகும். நான் சேர்ந்த வருஷம் மழை விட்ட சாயங்காலங்களில் அந்தக் குட்டைத் தவளைகள் போடுகிற சத்தத்தில் கணக்குவழக்கே பார்க்க முடியாது. இரண்டாம் வருஷம் சத்தம் பாதியாயிற்று. சட்டம் போட்ட பிறகு வந்த மழைக்காலத்தில் ஒரு தவளையும் கத்தவில்லை. ஒருநாள் தொட்டிகளைக் கழுவிவிட்ட மறுநாள் காலையில் கெண்டை மீன்கள் வயிறு வெளுத்து மிதந்தன. கரையில் மாவு பூத்ததுபோல வெள்ளைப் படலம்.

பக்கத்து வேர்க்கடலைக் கொல்லிக்காரர் கன்னியப்பன் ஒரு செம்பில் கிணற்றுத் தண்ணீர் எடுத்துவந்தார்.

“தம்பி, இதக் கொஞ்சம் தொட்டுப் பாருங்க. வழவழங்குது. கல்லக்கா செடியெல்லாம் நுனி கருகுது. மாடு வாய் வெச்சிட்டு மூஞ்சியத் திருப்பிக்குது.”

லிட்மஸ் தாளை நனைத்தேன். சிவப்புத் தாள் நீலமாயிற்று. முதலாளியிடம் காட்டினேன். “ஒரு நல்ல மழ பேஞ்சா எல்லாம் அடிச்சினு போயிடும்னு சொல்லுப்பா” என்றார். நான் போய்க் கன்னியப்பனிடம், “ஜாஸ்தி ஒண்ணும் இல்லீங்க. ஒரு மழ வந்தா சரியாயிடும்” என்றேன். ஒருமுறை பொய் சொன்னவனுக்கு அடுத்தது எவ்வளவு எளிதாக வருகிறது என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். அவர் செம்பை எடுத்துக்கொண்டு கும்பிட்டுவிட்டுப் போனார். இரண்டு போகம் பார்த்துவிட்டு அந்தக் கொல்லியை விற்றுவிட்டார்.

சரோஜா அக்கா ஒரு மாதம் கழித்து வேலைக்கு வந்திருந்தார். அதே தொட்டி, அதே துடுப்பு. அவருக்கு வேறு வழியில்லை. ஆனால் சோப்பை நாக்கில் வைத்துப் பார்ப்பதை விட்டுவிட்டார். என் சொட்டு மருந்து சொல்வதை நம்பி அடுத்த வேலைக்குப் போனார். என்னிடம் முன்பைவிட மரியாதை கூடியது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. தனத்தோடு பேச்சு நின்றுபோனது என்று மற்றப் பெண்கள் சொல்லித் தெரிந்துகொண்டேன். நடுச்சுவர் அப்போதுதான் நிஜமாகவே சுவராயிற்று.

நாலாவது வருஷம் ஏழுமலை இறந்தார். எலும்பும் தோலுமாக, ஒரு கைப்பிடி. நான் போயிருந்தேன். தனம் தன் வீட்டு வாசலிலேயே நின்றார், உள்ளே வரவில்லை. என்னைப் பார்த்தார். கூட்டத்தில் நாலு பேர் நடுவில் என் சட்டையைப் பிடித்திருக்கலாம். தலையை மட்டும் ஆட்டிவிட்டுத் தன் வீட்டுக்குள் போனார்.

அந்த வருடங்களில்தான் நீல நிறச் சலவைத் தூள் பொட்டலங்கள் பட்டிதொட்டியெல்லாம் வந்தன. எங்கள் மஞ்சள் கட்டி சோப்பை யாரும் சீந்தவில்லை. கம்பெனியை மூடினார்கள். எனக்கு அரசாங்கத்தில் குமாஸ்தா வேலை கிடைத்துத் தென்பக்கம் போனேன். ரசாயனத்துக்கும் எனக்கும் அத்தோடு உறவு விட்டது. அது ரசாயனத்துக்கு நல்லதுதான்.

எண்பதுகளின் கடைசியில், திருவண்ணாமலையைத் தனி மாவட்டமாக்கப் போகிறார்கள் என்று பேச்சு அடிபட்ட சமயம், லீவில் வந்தபோது பெரிய தெருவில் சரோஜா அக்காவைப் பார்த்தேன். முடி நரைத்திருந்தது. ஏதோ லாட்ஜில் துணி துவைக்கிற வேலை என்றார். அங்கேயும் சலவைச் சோடாதான். கை அப்படியேதான் இருந்தது. என் குழந்தைகளை விசாரித்தார். கண் கலங்கினார்.

“நீங்க மட்டும் அன்னிக்கு ஓடியாரலைன்னா அவரு அன்னிக்கே போயிருப்பாரு சார். நாலு வருஷம் கூட இருந்தாருன்னா அது நீங்க குடுத்தது.”

நான் மலையைப் பார்த்தேன்.

“ஒண்ணு சொன்னா வருத்தப்படக் கூடாது. அந்தத் தனம் அக்கா இன்னா சொல்லிச்சு தெரியுமா? சார் சொல்லித்தான் பழம் புழிஞ்சேன்னு உங்க மேலயே பழியப் போட்டுச்சு. கோயில் பக்கம் கையக் காட்டி சத்தியம் பண்ணுச்சு. நான் நம்பல சார். படிச்சவரு அப்படிச் சொல்லுவாரா? நான் காறித் துப்பாத கொறதான். அதுக்கப்புறம் அது மூஞ்சிலயே முழிக்கல.”

தெருவில் மாட்டுவண்டி ஒன்று போவதற்காக இருவரும் ஒதுங்கி நின்றோம். வண்டி போக நிறைய நேரம் பிடித்தது. சொல்வதற்குப் போதுமான நேரம்.

“வரேங்க்கா. உடம்பப் பாத்துக்குங்க” என்றேன்.

ஓய்வு பெற்று ஊரோடு வந்து சேர்ந்த பிறகு, ஒருநாள் காலையில் தீர்மானம் செய்துகொண்டு மத்தலாங்குளத் தெருப் பக்கம் போனேன். இரண்டு பேரில் யாராவது ஒருவர் இருந்தால் போதும், சொல்லிவிடலாம். வழியெல்லாம் வார்த்தைகளைச் சேர்த்துக்கொண்டே நடந்தேன். அந்த வரிசை வீடுகள் இல்லை. சந்துகூட இல்லை. நாலு மாடி லாட்ஜ் நின்றது, கீழே பௌர்ணமிக்கு வருகிறவர்களின் கார் நிறுத்துமிடம். வாசலில் நின்ற இளைஞன், “ரூம் வேணுமா சார்? ஏசியா, சாதாவா?” என்று கேட்டான். வழியில் குட்டை இருந்த இடத்தையும் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தேன். மனை போட்டு விற்று, மாடி வீடுகள் வந்துவிட்டன. கன்னியப்பன் கொல்லி எது, கொட்டகை எது என்று என்னாலேயே சொல்ல முடியவில்லை.

எதிர்ப்பக்கம் டீக்கடை வைத்திருந்தவர் என் வயதுக்காரர். டீ சொல்லிவிட்டு, முன்பு இங்கே சரோஜா என்று ஒருவர் இருந்தாரே என்று கேட்டேன். அவர் போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆகிறது என்றார். பிள்ளைகுட்டி கிடையாது, லாட்ஜ்காரர்கள்தான் எடுத்துப் போட்டார்களாம்.

“பக்கத்து வீட்டுல தனம்னு ஒருத்தங்க…”

அவர் டீயை ஆற்றுவதை நிறுத்தினார்.

“தனமா? அந்தக் கண்டக்டருக்கு எலுமிச்சம்பழம் புழிஞ்சு குடுத்து ஆளையே சாவடிச்சுதே, அந்தம்மாவா? அது இட்லிய இந்தத் தெருவுல அப்புறம் ஒருத்தரும் வாங்கல சார். எங்கியோ சொந்தக்காரங்க ஊருக்குப் போச்சு. அங்கியே போய்ச் சேந்துட்டதா சொன்னாங்க. அந்தம்மாவத்தான் கேக்குறீங்களா?”

டம்ளரை வாங்கிக்கொண்டேன்.

“ஆமா” என்றேன். “அவங்களத்தான்.”